வாத்துக்குக் காயப்போட்ட ரொட்டி

டிசம்பர் 8, ஞாயிறு

ஷெரில் ஜனவரியில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போகிறாள். பெர்த் என்று ஊர் பெயர். அவள் அப்பாவும் அண்ணனும் அங்கே இருக்கிறார்கள். விசா வந்துவிட்டதாம். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நாள் கணக்கில்லைங்க அத்தை. அங்கேயேதான்" என்றாள்.

என் மகன் நந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வரும் என்று யார் கண்டார்கள். புருஷன் இல்லாத இடத்தில் மாமியார் வீட்டு மாடியில் அவள் எத்தனை காலம் இருப்பாள்? மனசுக்கு இது நியாயம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நீனாவும் போகிறாளே. ஏழு வயது. நந்துவின் நெற்றி, நந்துவின் நடை.

வியாபாரத்தில் எனக்கு ஒரே ஒரு பழக்கம். சரக்கு வண்டி ஏறும் வரை பேச்சு முடியவில்லை என்றுதான் அர்த்தம். இன்னும் வண்டி ஏறவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

தீவனம் இறங்கியது. நந்துவின் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன். ஹோட்டல்காரர்கள் எல்லோரும் அந்த நம்பரில்தான் முட்டைக்கு ஆர்டர் சொல்லிப் பழக்கம், விட்டால் போய்விடும்.

டிசம்பர் 11, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்த நீனா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை அட்டையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று, "அப்பத்தா, இந்த வருஷம் ஸ்டஃபிங் யார் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸ் எங்கள் பண்டிகை இல்லை. எங்களுக்கு மாகாளியம்மன். ஆனால் நந்து ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம் முதல் டிசம்பர் இருபத்தைந்து மதியச் சாப்பாடு என் வீட்டு மேசையில்தான். பெரிய மேசை என்னிடம்தான் இருக்கிறது. வாத்து ரோஸ்ட் ஷெரில் செய்வாள். ஸ்டஃபிங் நந்து செய்வான். ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, வெண்ணெயில் சின்ன வெங்காயம், ஈரல், இரைப்பை எல்லாம் வதக்கி, கோழிச்சாறு ஊற்றித் தட்டில் வைத்து வேக வைப்பது. மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். ஷெரிலின் அம்மா டோரின் சாகும் முன்னால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. சொந்த மகளுக்குப் பொறுமை இல்லை என்று மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

நான்தான் பண்ணப்போகிறேன் என்று நீனாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடன் கேட்டு வருகிறவனை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

என் கணக்கு இதுதான். எல்லாம் முன்பு போலவே மேசைக்கு வந்தால், இந்த வீடு அப்படியேதான் இருக்கிறது என்று ஷெரிலுக்குப் படும். பட்ட பிறகு பேச வேண்டும். பசியோடு இருப்பவனிடமும் துக்கத்தோடு இருப்பவனிடமும் பேரம் பேசக்கூடாது. சாப்பிட்டவனிடம் பேசலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

நீனாவிடம் நைசாக விசாரித்ததில் கிடைத்தது: மிளகு நிறைய. புதினா கொஞ்சம். செலரி என்று ஒரு கீரை, ஊட்டிக் காய்கறிக் கடையில் கிடைக்கும். முந்திரி கிடையாது. "அப்பா கையில பிசைய மாட்டாரு, கரண்டிலதான் பொரட்டுவாரு." ரொட்டி எந்த ரொட்டி என்று கேட்டேன். "ரொட்டிதான்" என்றாள்.

டிசம்பர் 14, சனி

குரியன் பேக்கரிக்குப் போனேன். குரியன் என் நெடுநாள் வாடிக்கை. அவர் கேக்குக்கு முட்டை என்னுடையது. விற்காமல் திரும்பி வரும் பழைய ரொட்டியை மூட்டையாகக் கட்டி எனக்குத் தருவார், அது என் வாத்துகளுக்குத் தீனி. டிசம்பரில் காலனிக்காரர்கள் வாத்து கேட்பார்கள் என்பதால் கார்த்திகையிலிருந்தே மூட்டை வந்துகொண்டிருக்கும்.

"மயிலம்மா, இந்தத் தடவை மூட்டையைப் பிரிச்சு நல்லதாப் பார்த்து எடுக்க ஆளில்லையே" என்றார் குரியன். வாத்துக்கு என்ன நல்லது கெட்டது, பூசணம் இல்லாமல் பார்த்துக் கொடு என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்து, கூட்டம் வந்ததால் விட்டுவிட்டார்.

இருப்பதிலேயே உயர்ந்த ரொட்டி எது என்று கேட்டு, அன்று காலை வெந்த பால் ரொட்டி நாலு வாங்கினேன். கை சுட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஷெரில் சர்ச்சுக்குப் போனதும் செய்து பார்த்தேன். பால் ரொட்டியில் சர்க்கரை இருக்கிறது என்பது வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது. மிளகும் ஈரலும் சர்க்கரையும். நீனா ஒரு வாய் வைத்து, "இது கேசரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வாத்துக்குப் போட்டேன். அவை தின்றன. அவற்றுக்கு வெட்கம் ஏது.

டிசம்பர் 17, செவ்வாய்

பண்டிகை வரை பொறுத்திருக்க வேண்டும் என்று நானே எழுதி வைத்துவிட்டு இன்று அவசரப்பட்டேன். மாடி வீட்டை அவள் பெயருக்கு எழுதித் தருகிறேன், கடையில் நந்துவின் பங்கு நீனாவுக்கு, பள்ளிக்கூடச் செலவு என்னுடையது என்று சொன்னேன். வக்கீலிடம் பேசிவிட்டேன் என்றும் சொன்னேன். பேசத்தான் இல்லை, பேசியிருப்பேன்.

ஷெரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அத்தை, நீங்க வெலை பேசறீங்க. நான் விக்கறதுக்கு வரல."

சரியான அடி. நான் கூடையில் முட்டையோடு ரயில்வே காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில் ஒரு துரையம்மாகூட என்னை இப்படி மடக்கியதில்லை.

பிறகு அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் இல்லை என்றாள். தினமும் காலையில் கீழே கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டால் அவர்தான் என்று எழுந்து உட்காருகிறாளாம். எழுந்த பிறகுதான் நினைவு வருகிறதாம். "ஒவ்வொரு நாளும் ஒரு தடவை சொல்ற மாதிரி இருக்குதுங்க அத்தை. அவர் இல்லேன்னு."

கடையாள் காளிமுத்துவைக் கூப்பிட்டு ஷட்டருக்கு கிரீஸ் போடச் சொன்னேன்.

டிசம்பர் 18, புதன்

கிரீஸ் நன்றாக வேலை செய்கிறது. சத்தமே இல்லை. காலையில் கடை திறந்ததே எனக்குத் தெரியவில்லை, படுத்தே கிடந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கடை வாசலில் கிடக்கும் நந்துவின் செருப்பை எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று காளிமுத்து கேட்டான். வேண்டாம் என்றேன். ஆம்பளைச் செருப்பு கிடந்தால் திருடன் யோசிப்பான்.

டிசம்பர் 21, சனி

இரண்டாம் முறை. சர்க்கரை போடாத சாண்ட்விச் ரொட்டி, காலையில் வெந்தது, வாங்கும்போது பாக்கெட்டுக்குள் ஆவி. சாறு ஊற்றினேன். ரொட்டி கரைந்தது. புரட்டப் புரட்டக் களியாகி, கரண்டியை நட்டால் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் வைத்தால் சுவருக்குப் பூசலாம்.

எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஈரல் இன்றைய ஈரல். வெண்ணெய் புதுசு. ரொட்டி புதுசு. என் கடைப் பலகையில் 'அன்றன்று சரக்கு' என்று எழுதியிருக்கிறது. நேற்றைய முட்டையை நேற்றைய முட்டை என்று சொல்லி விலை குறைத்து விற்றுத்தான் இந்த ஊரில் பெயர் வாங்கினேன். நந்து கல்யாணம் முடிந்து வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, டோரினும் அவள் புருஷனும் இருந்த மேசையிலேயே சொன்னேன், இந்த வீட்டில் பழசு மேசைக்கு வராது என்று. நந்து தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

நினைத்துப் பார்த்தால் அவன் செய்வதை நான் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. டிசம்பர் கடைசி வாரம் கடையில் தலை தூக்க நேரம் இருக்காது. வந்து உட்கார்ந்து தின்றேன். அவ்வளவுதான். இரண்டாம் முறை போட்டுத் தின்றேன்.

ஒன்று மட்டும் நினைவு வருகிறது. டிசம்பர் வந்தால் மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வாத்து ரொட்டியை வெட்டிக் காயப்போடுவான். வாத்துத் தீனிக்கு இத்தனை சீரா, வேட்டியை எதற்குப் பாழாக்குகிறாய் என்று திட்டுவேன். "அம்மா, நம்மகிட்ட ஒரு பெரிய வாத்து இருக்குது. அதுக்கு ஈரம் இருந்தா ஆகாது, சண்டைக்கு வரும்" என்பான். எந்த வாத்து என்று நானும் கேட்டதில்லை.

டிசம்பர் 23, திங்கள்

வாத்து எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வீட்டுக்கு ஒன்று நிறுத்தி வைத்தேன். கால் வலி. ரொட்டி நாளைக்கு வாங்க வேண்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு மறந்து போகக்கூடாது.

காலையில் குரியன் கடையில் ஆறு பாக்கெட் ரொட்டி, சூடாக வாங்கி வந்து சமையல்கட்டில் வைத்தேன். ஷெரில் வாத்தைச் சுத்தம் செய்ய இறங்கி வந்தாள். மேடையில் செலரி, ஈரல், ரொட்டி. அவள் நின்றுவிட்டாள். ரகசியம் அங்கேயே உடைந்தது. நீனா கதவுக்குப் பின்னால் நின்று, "நான் சொல்லலை" என்றாள்.

ஷெரில் ஒரு பாக்கெட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். அது பஞ்சு மாதிரி அமுங்கி எழுந்தது.

"இதுலயா பண்ணப் போறீங்க?"

"பின்னே? இன்னைக்கு வெந்தது. ரெண்டு தடவை பண்ணிப் பார்த்தேன் அம்மிணி, களி மாதிரி போகுது. என்ன மாயமோ தெரியல."

அவள் முகம் ஒரு மாதிரி போனது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பை அடக்குகிறாள்.

"அத்தை, ஸ்டஃபிங்குக்குப் பழைய ரொட்டிதான் ஆகும். நல்லாக் காஞ்சிருக்கணும், அப்பத்தான் சாறைக் குடிச்சிட்டு உருவமா நிக்கும்."

"அப்போ நந்து பழைய ரொட்டியை எங்கே வாங்கினான்?"

ஷெரில் நீனாவைப் பார்த்தாள். நீனா என்னைப் பார்த்தாள். ஷெரில் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே வாத்துக் கொட்டகை. கொட்டகையில் குரியனின் மூட்டை.

மூட்டை வந்ததும் பிரித்து, நல்ல பாக்கெட்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வானாம். அதைத்தான் மாடியில் காயப்போடுவானாம். குரியனுக்குத் தெரியும். டோரினுக்குத் தெரியும். காளிமுத்துவுக்குத் தெரியும். நீனாவுக்கு நாலு வயதிலிருந்து தெரியும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. 'இந்த வீட்டில் பழசு மேசைக்கு வராது' என்று சொன்ன அன்றைக்கே நான் வாத்துத் தீனியை இரண்டு முறை போட்டுத் தின்றிருக்கிறேன்.

"பெரிய வாத்து" என்றேன்.

ஷெரில் தலையை ஆட்டினாள். "வருஷா வருஷம் நீங்க சாப்பிட்டு முடிச்சதும் மாடிக்கு வந்து சொல்லுவாரு. பெரிய வாத்து திருப்தியாத் தின்னுடுச்சுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மாதமாக வராத சிரிப்பு மொத்தமாக வந்தது. நான் வாத்து மாதிரி கத்திக் காட்டினேன் என்று நீனா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. ஷெரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அவள் தலை இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு எழுந்து மூட்டையைப் பிரித்தோம். நல்லதாகப் பார்த்து எடுத்தோம். வெயிலில் காய நாளில்லை. குரியனிடம் கொண்டுபோனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர் அடுப்பு ஊருக்கே பொது. வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் கேக் கலவையைத் தட்டோடு கொண்டுவந்து வேக வைத்துப் போவார்கள். எங்கள் தட்டும் வருஷா வருஷம் அங்கேதான் வேகும். ரொட்டித் துண்டுகளை அடுப்பின் ஓரச் சூட்டில் முதலில் காய வைத்துக் கொடுத்தார். "தெரிஞ்சு போச்சா" என்று மட்டும் கேட்டார்.

மதியம் கலவையைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நானும் நீனாவும் வாங்கப் போனோம். பேக்கரி வாசலில் காலனி சனம் முழுக்க நின்றது. தட்டுகள் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கும். அடுப்படியில் புதுப் பையன், ஊருக்குப் புதுசு, யாரையும் தெரியாது. தட்டை இழுத்து வெளியே வைப்பதும் பெயரைக் கூவுவதும்தான் அவன் வேலை. பியூலா என்றான். ரோட்ரிக்ஸ் என்றான். ஆட்கள் கையைத் தூக்கி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு, "நந்து" என்றான்.

கூட்டத்தில் பேச்சு நின்றது. எல்லோரும் நந்துவைத் தெரிந்தவர்கள். குரியன் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். பையன் விளிம்பை இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாகக் கூவினான். "நந்து! யாருங்க நந்து? இல்லையா?"

நான் கையைத் தூக்கினேன். "இருக்கேன்" என்றேன்.

வழி விட்டார்கள். போய் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 25, புதன்

சரியாக வந்துவிட்டது. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. மிளகு அதே அளவு. நீனா மூன்று முறை போட்டுக்கொண்டாள். ஷெரில் ஒரு வாய் வைத்துவிட்டு ரொம்ப நேரம் மெல்லாமல் வைத்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் கேட்பது என்று முதலிலிருந்து நான் வைத்திருந்த கேள்வி ஒன்று உண்டு. கேட்கவில்லை. களியாகப் போயிருந்தால் கேட்டிருப்பேன். அதே ருசி, அதே மேசை, அவன் நாற்காலியில் ஆள் இல்லை. எல்லாம் முன்பு போலவே இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. இதில் அவளைத் தினமும் உட்கார வைக்கப் பார்த்தேனே.

ஷெரிலிடம், "போயிட்டு வா அம்மிணி" என்றேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

பெட்டி கட்டுகிறார்கள். எடை பார்க்கக் கடைத் தராசை மாடிக்கு அனுப்பினேன். நந்துவின் சட்டை ஒன்று அவர்கள் பெட்டியில் போகிறது. ஒன்று இங்கே இருக்கிறது. பங்கு பிரித்தது நீனா.

ஜனவரி 3, வெள்ளி

மழை. கடை மந்தம்.

ஜனவரி 5, ஞாயிறு

விடியற்காலை விமானம். கொச்சி வரைக்கும் வண்டியில் போய் ஏற்றிவிட்டு மதியம் திரும்பினேன். வழியில் நானும் ஷெரிலும் பேசி முடித்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டி ஏறும் வரைக்கும் பேச்சு முடியாது என்று முன்பு எழுதினேன். வண்டியிலேயே பேசினோம்.

வருஷம் தவறாமல் டிசம்பரில் வர வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்றாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று முடிந்தது. போக வர டிக்கெட் என் பொறுப்பு. வராத வருஷம் அவள் அங்கே ஸ்டஃபிங் செய்ய வேண்டும், நானும் அதே நாளில் இங்கே செய்ய வேண்டும். மூட்டை ரொட்டிதான், கடையில் புதுசு வாங்கி ஏமாற்றக்கூடாது. மொட்டை மாடியில் வேட்டி விரித்துத்தான் காயப்போட வேண்டும். ஷட்டருக்கு இனிமேல் கிரீஸ் போடக்கூடாது என்பதையும் அவளாகவே சேர்த்தாள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

பின் சீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்திருந்த நீனா எழுந்து, தன் பேச்சு இன்னும் முடியவில்லை என்றாள். அவளுக்கு அம்மாவின் பழைய போன் கிடைத்திருக்கிறது. அதில் அப்பா என்று ஒரு நம்பர் இருக்கிறது. அதை அழிக்கவும் மாட்டாளாம், வேறு பெயர் போடவும் மாட்டாளாம்.

"பேக்கரில அப்பாவைக் கூப்பிட்டப்போ நீங்கதானே கை தூக்குனீங்க?"

ஆமாம் என்றேன். அப்படியானால் சரி என்று நிபந்தனையைச் சொன்னாள். குறைக்கப் பார்த்தேன், அவள் குறைக்கவில்லை. கடைசியில் அவள் சொன்னபடியே ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, நம் நேரம். நந்துவின் நம்பருக்குக் கூப்பிடுவாள். ரீசார்ஜ் தவறக்கூடாது. வேறு யாரும் எடுக்கக்கூடாது, நான்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஹலோ சொல்லக்கூடாது. "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.